ஓடு உடையும் சத்தம்: ஹாலிவுட்டைக் கேலி செய்த நாடகம் ஹாலிவுட் படமானபோது

மேடையில் ஒருவன் கையில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, ஓட்டோடு இருக்கும் கொட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டிருக்கிறான். டக். டக். சுற்றியிருப்பவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவன் பாட்டுக்கு உடைத்துக்கொண்டே இருக்கிறான். வெள்ளந்தியான ஒரு பையனின் பழக்கம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சத்தம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது கடைசி அங்கத்தில்தான் தெரிகிறது. ஜார்ஜ் என்ற அந்தப் பையனிடம் ஒரு பெரிய ஸ்டூடியோவின் படத் தயாரிப்புப் பொறுப்பு தற்செயலாக வந்து சேர்கிறது. எடுக்கச் சொன்ன கதையை விட்டுவிட்டு வேறொரு பழைய கதையை எடுத்துவிடுகிறான். விளக்குகளைப் போடச் சொல்ல மறந்துவிடுகிறான். படப்பிடிப்பு முழுக்க அவன் கொட்டை உடைத்தது ஒலிப்பதிவில் ஏறிவிடுகிறது. இருட்டும் டக்டக் சத்தமுமாக வெளிவரும் அந்தப் படத்தை விமர்சகர்கள் புதுமை என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்.

நாடகத்தின் பெயர் 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்'. 1930 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கின் மியூசிக் பாக்ஸ் தியேட்டரில் அரங்கேறி 406 காட்சிகள் ஓடியது. எழுதியவர்கள் இருவர். ஜார்ஜ் எஸ். காஃப்மன் அப்போதே நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் பெரிய பெயர். மாஸ் ஹார்ட் 25 வயது இளைஞர். கோடை விடுதிகளில் விருந்தினருக்குக் கேளிக்கை நிகழ்ச்சிகள் நடத்திப் பிழைத்துக்கொண்டிருந்தவர். முதல் நாள் நாடகம் முடிந்ததும் காஃப்மன் திரைக்கு முன்னால் வந்து, இதில் 80 சதவீதம் மாஸ் ஹார்ட்டுடையது என்று சொல்லிவிட்டுப் போனார். ஹார்ட் பின்னாளில் எழுதிய சுயசரிதையில் இதை நெகிழ்ந்து நினைவுகூர்கிறார்.

ஹாலிவுட்டை இப்படிக் கிழித்துத் தொங்கவிட்ட நாடகத்தின் பட உரிமையை ஹாலிவுட்டே வாங்கியது. 1932இல் யூனிவர்சல் ஸ்டூடியோ இதைப் படமாக்கி வெளியிட்டது. தன்னைக் கேலி செய்யும் சரக்கை ஒரு தொழில் காசு கொடுத்து வாங்குமா என்று தோன்றலாம். அந்தக் காலத்தின் பதற்றத்தைப் பார்த்தால் ஆச்சரியம் குறைந்துவிடும். 1927 அக்டோபரில் வார்னர் பிரதர்ஸ் 'தி ஜாஸ் சிங்கர்' படத்தை வெளியிட்டு, திரையைப் பேச வைத்தது. அதன்பின் ஒவ்வொரு ஸ்டூடியோவுக்கும் உடனடித் தேவை வசனம். மௌனப் படத்துக்குக் கதை பண்ணத் தெரிந்தவர்கள் கலிபோர்னியாவில் ஏராளம். மனிதர்களை மேடையில் பேசவைத்துப் பழகியவர்களோ நியூயார்க்கில் இருந்தார்கள். அதனால் நாடகங்களையும் நாடக ஆசிரியர்களையும் மொத்தமாக வாங்கத் தொடங்கினார்கள். ஓராண்டு ஓடிய நகைச்சுவை என்றால் இன்னும் மதிப்பு. எந்த வரிக்குச் சிரிப்பு விழும், எந்த இடத்தில் அரங்கம் சோர்ந்துபோகும் என்பதெல்லாம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்த விஷயம்.

சரி, உரிமையை வாங்கியாயிற்று. ஆனால் அந்த நாடகத்தைச் சிரிக்க வைத்தவை எல்லாம் உரிமைப் பத்திரத்தோடு சேர்ந்து வந்தனவா? இங்கேதான் சிக்கல்.

முதலாவது, தூரம். இந்த நாடகத்தை எழுதியபோது ஹார்ட் ஹாலிவுட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. பேசும்பட வரவால் அங்கே நடக்கும் கலாட்டாவை 'வெரைட்டி' பத்திரிகையில் வாரா வாரம் படித்தார். மீதியைக் கற்பனை செய்துகொண்டார். கதையின் மூன்று பேரும் அப்படித்தான் கிளம்புகிறார்கள். சில்லறை மேடை நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருக்கும் ஜெர்ரி, மே, ஜார்ஜ் மூவரும் பேசும் படம் வந்த செய்தியைக் கேட்டதும் தங்கள் நிகழ்ச்சியை விற்றுவிட்டு, மௌனப்பட நடிகர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுக்கும் பள்ளி ஒன்று தொடங்க ரயிலேறுகிறார்கள். மூவருக்குமே உச்சரிப்புக் கலையில் பயிற்சி கிடையாது. அந்த நாட்களில் நிஜமாகவே குரல் பயிற்சி ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாக ஹாலிவுட்டுக்குப் போனார்கள் என்பதால், பார்த்தவர்களுக்கு இது வெறும் கட்டுக்கதையாகப் படவில்லை.

ஆகவே மேடையில் நிற்கும் ஹாலிவுட், மூவாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த வதந்திகளைக் கொண்டு கட்டியது. ஸ்டூடியோ முதலாளி குளோகவர் பேசும்பட இயந்திரம் தன்னிடம் வந்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர். அந்த வயிற்றெரிச்சல் தீராதவர். வார்னர் சகோதரர்களை நினைவூட்டும் ஷ்லெப்கின் சகோதரர்களை மேடை டஜன் கணக்கில் பெருக்கிக் காட்டியது. லூயெல்லா பார்சன்ஸை நினைவூட்டும் சினிமாப் பத்தி எழுத்தாளர் ஒருத்தியும் உண்டு. அட்டையும் துணியும் கொண்டு செய்த அரங்கத்தில் இவர்கள் உலவும்போது பார்ப்பவர் மனம், அப்படியும் இருக்குமோ என்று தானாகவே மிகைப்படுத்திக்கொள்கிறது. அதே காட்சியை நிஜ ஸ்டூடியோவுக்குள், நிஜ வரவேற்பறையில், நிஜ கேமரா முன் எடுத்தால் என்ன ஆகும்? மிகை, தகவலாக மாறிவிடும். பெரிய வாசல், பளபளக்கும் தரை, நாலு பக்கமும் ஓடும் உதவியாளர்கள். ஹாலிவுட் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று நாம் பேசாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

இரண்டாவது விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. நாடகத்தில் லாரன்ஸ் வெய்ல் என்று ஒரு நாடக ஆசிரியர் வருகிறார். ஹாலிவுட் அவரைப் பெரிய சம்பளத்துக்கு வரவழைத்து, ஓர் அறையைக் கொடுத்து, அப்புறம் அடியோடு மறந்துவிடுகிறது. யாரும் ஒரு வரி எழுதச் சொல்வதில்லை. சம்பளம் மட்டும் தவறாமல் வருகிறது. முதலாளியைப் பார்க்க வரவேற்பறையில் காத்துக்கிடந்து காத்துக்கிடந்து, வேலையில்லாக் களைப்பால் மனம் பேதலித்து, கடைசியில் மருத்துவ விடுதிக்குப் போகிறார். இந்த வேடத்தில் நடித்தவர் காஃப்மன்தான். நாடகத்தை எழுதி, இயக்கி, அதற்குள்ளேயே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். அரங்கில் இருந்த நியூயார்க் ரசிகர்களுக்கு அந்த முகம் தெரியும். அவர் எழுதிய நாடகங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் அவர்கள். இன்றைக்கு யாரை வேண்டுமானாலும் ஹாலிவுட் விலைக்கு வாங்கலாம் என்றிருந்த நேரத்தில், தங்கள் ஊர் எழுத்தாளர் அங்கே போய் வீணாவது போல நடிப்பதைப் பார்க்கிறார்கள். சிரிப்போடு கொஞ்சம் அச்சமும் கலந்திருக்கும்.

வெய்ல் கதை கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸ் 1930இல் வாரம் 2,000 டாலர் சம்பளத்துக்கு எம்ஜிஎம் ஸ்டூடியோவில் சேர்ந்தார். 1931 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தபோது, ஓராண்டில் தனக்கு 1,04,000 டாலர் கொடுத்தார்கள், அதற்கு ஈடாக உருப்படியாக எந்த வேலையும் வாங்கிக்கொள்ளவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நாடகம் வந்து ஒன்பது மாதம் கழித்து நிஜம் அதை வந்து தொட்டது.

1932 படத்தில் வெய்லாக நடித்தவர் ஆன்ஸ்லோ ஸ்டீவன்ஸ். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டூடியோவின் நடிகர் ஒருவர் ஸ்டூடியோவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். மியூசிக் பாக்ஸ் அரங்கில் காஃப்மனின் உடம்பே சொன்ன செய்தி, வசனத்தில் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததை விலைக்கு வாங்க முடியாது.

மூன்றாவது, வேகம். ஹார்ட்டின் சுயசரிதையில் இந்த நாடகம் உருவான பகுதி, நாடகம் எழுத விரும்பும் யாரும் படிக்க வேண்டியது. வெளியூர் ஒத்திகைக் காட்சிகளில் முதல் அங்கம் வெடித்துச் சிரிக்க வைத்தது. மூன்றாம் அங்கம் ஒவ்வொரு இரவும் படுத்துவிட்டது. எழுதினார்கள், அடித்தார்கள், மறுபடி எழுதினார்கள். பிரம்மாண்டமான முட்டைகளுக்குள் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு கேளிக்கை விடுதியைக்கூடச் செலவு செய்து மேடையில் கட்டிப் பார்த்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் தயாரிப்பாளர் சாம் ஹாரிஸ் ஹார்ட்டிடம் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: இந்த நாடகம் இவ்வளவு சத்தமாக இல்லாமல் இருந்திருக்கலாம். சத்தம் என்றால் காதில் விழும் சத்தமா என்று யோசித்துக் குழம்பிய ஹார்ட்டுக்கு, அன்றிரவு விஷயம் பிடிபட்டது. மேடையில் எப்போதும் ஆட்கள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், கதவுகள் திறந்து மூடுகின்றன. பார்ப்பவர்களுக்கு மூச்சு விட இடமே இல்லை. இரண்டு பேர் அமைதியாக உட்கார்ந்து பேசும் ஒரு காட்சிக்காக அவர்கள் ஏங்குகிறார்கள்.

அந்த முட்டை விடுதியைத் தூக்கிப் போட்டார்கள். பதிலுக்கு ஹாலிவுட்டை விட்டு ஊர் திரும்பும் மே தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு ரயில் பெட்டி வந்தது. நாடகம் நிமிர்ந்தது.

திரைக்கு வரும்போது இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மேடைக்காரர்கள் பல மாதம் அடிபட்டு, செலவு செய்த அரங்கத்தையே தூக்கி எறிந்து பெற்ற அமைதியை, சினிமா ஒரு குளோஸப்பில் பெற்றுவிடும். கேமரா ஒரு முகத்துக்கு அருகே போனால் போதும், உலகமே அடங்கிவிடும். அதனால் ரயில் காட்சி படத்தில் வரும்போது, நாடகத்தில் அதற்கிருந்த கனம் இருப்பதில்லை. படம் அதற்கு முன்பே பலமுறை அமைதியாகிவிட்டிருக்கிறது. மருந்து அப்படியே இருக்கிறது, நோய் வேறு.

ரஸ்ஸல் மேக் இயக்கி, சீட்டன் மில்லர் திரைக்கதை எழுதிய அந்தப் படத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. மூலத்தை மதித்து, ஏறக்குறைய அப்படியே பின்தொடர்ந்த படம். சுமார் ஒன்றரை மணி நேரம். ஜார்ஜாக ஜாக் ஓக்கி, முதலாளியாக கிரெகரி ராட்டாஃப். மேயாக ஆலின் மெக்மஹன் நடித்தார்; லாஸ் ஏஞ்சலஸ் மேடையிலும் அதே வேடம் செய்தவர். படத்தில் எது மேடையைத் தாண்டிப் போகிறது என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். மே எதையும் நம்பாதவள். ஒட்டாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலப் பேசுபவள். மேடையில் அந்த முணுமுணுப்பையும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உயர்த்திச் சொல்ல வேண்டும். மைக் இருப்பதால் மெக்மஹன் பாதிக் குரலில் சொல்லிவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார். வரவேற்பறைப் பெண்ணாக வரும் ஸாசு பிட்ஸும் அப்படித்தான். அவருடைய தயங்கும் விரல்களும் தொங்கிய குரலும் கேமராவுக்கென்றே பிறந்தவை.

படத்தைத் தாழ்த்தியது காலம். பேசும்படக் குழப்பம் 1927, 28இல் நடந்தது. அப்போது கேமரா ஓடும் சத்தம் பதிவாகிவிடக் கூடாது என்று கேமராவையும் கேமராமேனையும் சேர்த்து ஒரு பெட்டிக்குள் அடைத்துவைத்தார்கள், உள்ளே வெந்துபோவார்கள். மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்தார்கள். காஃப்மன் எழுதிய இன்னொரு நாடகமான 'தி கோகோநட்ஸ்' 1929இல் மார்க்ஸ் சகோதரர்கள் நடிக்கப் படமானபோது, காகிதம் சரசரக்கும் ஒலி மைக்கில் இடிபோல விழுந்ததால், வரைபடத்தைத் தண்ணீரில் நனைத்துக் கையில் கொடுத்தார்கள். ஈரத் தாள் தொய்ந்து தொங்குவதை இன்றும் படத்தில் பார்க்கலாம். 1932க்குள் கேமரா பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது, மைக் கற்றுக்கொண்டுவிட்டது. மௌனப் படமே பழங்கதை போலத் தோன்றத் தொடங்கிய நேரத்தில், உச்சரிப்புப் பள்ளியைப் பற்றிய கேலி திரைக்கு வந்தது. ஓடுகிற நாடகத்தின் வசூல் கெடக் கூடாது என்பதால் படம் வெளிவரக் காத்திருப்பது அந்தக் காலத் தொழில் வழக்கம். பெரும்பாலான கதைகளுக்கு அது பாதகமில்லை. செய்தித்தாளிலிருந்து பிறந்த கதைக்கு இரண்டு வருடம் நீண்ட காலம்.

இன்னொரு சங்கடம் சிரிப்பின் இடைவெளி. சபாவில் நகைச்சுவை நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடிகர் ஒரு வரியைப் போட்டுவிட்டு, சிரிப்பு எழுந்து, உச்சிக்குப் போய், இறங்கும் வரை ஏதோ யோசிப்பது போல நிற்பார், அடங்கும் நேரத்தில் சரியாக அடுத்த வரியைப் போடுவார். ஒவ்வொரு இரவும் அந்த அளவு மாறும். படச்சுருளுக்கு அந்தக் காது கிடையாது. காத்திருந்தால் காலியான அரங்கில் அந்த நொடிகள் வெறிச்சோடிக் கிடக்கும். காத்திருக்காவிட்டால் நிறைந்த அரங்கில் அடுத்த வரி சிரிப்பில் மூழ்கிவிடும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் எம்ஜிஎம்மின் தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க். காஃப்மனும் மாரி ரிஸ்கிண்டும் எழுதிய 'எ நைட் அட் தி ஆப்ரா' 1935இல் படமாகும் முன், அதன் நகைச்சுவைக் காட்சிகளை மார்க்ஸ் சகோதரர்கள் சால்ட் லேக் சிட்டி, சியாட்டில் என்று ஊர் ஊராக மேடையில் நடித்து, எங்கே எத்தனை நொடி சிரிப்பு என்று அளந்துகொண்டு வந்தார்கள். நாடகத்தைப் படமாக்குவதை விட்டு, படத்துக்காக நாடகம் போட்டார்கள். என் பார்வையில் இது தழுவலைப் பற்றிய மிகத் தெளிவான சிந்தனை.

ஹாலிவுட்டைப் பற்றிய நாடகங்கள் அப்புறமும் வந்தன, படமாகின. ஹெக்ட், மெக்ஆர்தர் என்ற வசன எழுத்தாளர் ஜோடியின் சாயலில் இரண்டு குறும்புக்கார எழுத்தாளர்களை வைத்து ஸ்பீவாக் தம்பதி எழுதிய 'பாய் மீட்ஸ் கேர்ள்' 1935இல் தொடங்கி 669 காட்சிகள் ஓடியது. 1938இல் வார்னர் அதை எடுத்தது. வேகமான படம். பார்த்து முடித்ததும் மறந்துவிடும் ரகம்.

நேர் எதிர்த் திசையில் போனவர் இயக்குநர் ஃப்ராங்க் டாஷ்லின். ஜார்ஜ் ஆக்செல்ராட் எழுதிய 'வில் சக்சஸ் ஸ்பாயில் ராக் ஹன்ட்டர்?' 1955இல் பிராட்வேக்கு வந்து 444 காட்சிகள் ஓடியது. ரசிகர் பத்திரிகை எழுத்தாளன் ஒருவன் தன் ஆன்மாவைப் பத்து பத்து சதவீதமாக ஹாலிவுட் ஏஜென்ட் ஒருவனுக்கு விற்கும் கதை; அந்த ஏஜென்ட்தான் சாத்தான். கவர்ச்சி நட்சத்திரமாக ஜேன் மேன்ஸ்ஃபீல்ட் நடித்தார். ஃபாக்ஸ் ஸ்டூடியோவுக்காக 1957இல் இதை எடுத்த டாஷ்லின், தலைப்பையும் மேன்ஸ்ஃபீல்டின் பாத்திரத்தையும் வைத்துக்கொண்டு மீதியை ஏறக்குறைய முழுவதும் எறிந்துவிட்டார். சாத்தான் இல்லை, எழுத்தாளன் இல்லை. நாயகன் ஒரு விளம்பர நிறுவன ஊழியன். கேலி தொலைக்காட்சியின் மீது. நாடக ஆசிரியருக்கு இது துரோகமாகத் தெரிவது நியாயம்.

ஆனால் அந்தப் படம் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். ஃபாக்ஸின் முத்திரை இசை ஒலிக்கிறது; திரை மூலையில் நாயகன் டோனி ராண்டல் தானே டிரம்மும் டிரம்பெட்டும் வாசித்துக்கொண்டு நிற்கிறார். பாதியில் படம் சட்டென்று நின்றுவிடுகிறது. தொலைக்காட்சி ரசிகர்கள் ஏங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு ராண்டல் வர, அகன்ற வண்ணத் திரை சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு சிறிய கறுப்பு வெள்ளைச் சதுரமாகிறது. மேடையில் இதைச் செய்ய வழியே இல்லை. மேடை சினிமாவைப் பார்த்து வெளியே நின்று சிரித்தது. டாஷ்லின் சினிமாவின் சொந்த உடம்பையே, முத்திரையை, வண்ணத்தை, திரையின் அகலத்தை, கேலிப் பொருளாக்கினார்.

இப்போது ஜார்ஜின் கொட்டைக்குத் திரும்புகிறேன். நாடகத்தில் அவன் எடுத்த படத்தை நாம் ஒரு நொடிகூடப் பார்ப்பதில்லை. விமர்சனத்தை வாசிக்கக் கேட்கிறோம், அவ்வளவுதான். அந்த அபத்தப் படத்தை ஒவ்வொருவரும் மனத்துக்குள் எடுத்துக்கொள்கிறோம். திரைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது: சினிமாவுக்குச் சொந்தமாக ஒலிப்பதிவு இருக்கிறது, அதைக் கெடுத்துக் காட்டலாம். 1932இல் எந்த ஸ்டூடியோவும் ஐந்தாண்டு பாடுபட்டுச் சுத்தமாக்கிய ஒலியை வேண்டுமென்றே கெடுக்கத் துணியும் நிலையில் இல்லை. இருபது வருடம் தள்ளி, நாடகம் எதையும் தழுவாமல், பேசும்பட வருகையின் கதையைச் சொன்ன 'சிங்கிங் இன் தி ரெயின்' அதைச் செய்தது. நாயகியின் உடையில் தைத்த மைக்கில் இதயத் துடிப்பு கேட்கிறது. கழுத்து மணிமாலை உருளும் ஓசை வசனத்தை விழுங்குகிறது. முன்னோட்டக் காட்சியில் மக்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்த இருபது வருடத் தூரம் போதுமானதாக இருந்தது.

மாஸ் ஹார்ட்டும் பிற்பாடு ஹாலிவுட்டுக்குப் போனார், அதை நேரில் பார்த்தார். 1954இல் வார்னர் வெளியிட்ட 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்துக்கு அவர்தான் திரைக்கதை. அதில் ஜூடி கார்லண்ட் நடிக்கும் புதுமுகத்தின் முதல் நாட்களில், ஸ்டூடியோவில் அவளை ஒரு கதவு வழியே உள்ளே அனுப்புகிறார்கள். நீங்கள் வந்ததில் மகிழ்ச்சி என்று ஒவ்வோர் அறையிலும் அதே வாக்கியத்தைச் சொல்லிக் கைகுலுக்கி, மறு கதவு வழியே வெளியே விட்டுவிடுகிறார்கள். அவளுக்குக் கிடைக்கும் முதல் வேடம், புறப்படும் ரயிலின் ஜன்னலிலிருந்து கைக்குட்டையை ஆட்டி வழியனுப்பும் ஒரு கை. கை மட்டும்தான். அவள் ஆசையாக ஆட்டுகிறாள். எடுத்து முடித்ததும் இயக்குநர் கோபிக்கிறார்: முகம் தெரிந்துவிட்டதாம். மறுபடி எடுக்கிறார்கள். குளிருக்கு இறுக்கிய கோட்டோடு அவள் பெட்டிக்குள் பதுங்கிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கையை மட்டும் நீட்டி ஆட்டுகிறாள்.